கேட்டேன் என்பது எதற்குச் சான்று?

காது சோதனைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: "சத்தம் ரொம்ப மெதுவா இருந்தாலும் பரவாயில்ல, கேட்டதும் பட்டனை அழுத்துங்க." கதவைச் சாத்தியதும் சவுண்ட் ப்ரூஃப் அறைக்குள் அவர் தனியாகிவிடுவார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். 1000 ஹெர்ட்ஸில் தொடங்குவேன். கேட்டால் 10 டெசிபல் குறைப்பேன். கேட்காவிட்டால் 5 டெசிபல் கூட்டுவேன். இப்படி இறங்கி ஏறி, எந்த அளவில் பாதிக்குப் பாதியாவது பதில் வருகிறதோ அதுவே அந்தச் செவியின் எல்லை என்று குறித்துக்கொள்வேன். நடுநடுவே சத்தமே கொடுக்காமல் சும்மா இருப்பதும் உண்டு. அப்போதும் சிலர் பட்டனை அழுத்துவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. இதோ வரப்போகிறது என்று காத்திருக்கும் மனம், வராததையும் வந்ததாக எடுத்துக்கொள்கிறது. அழுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கும் முகத்தில் சந்தேகத்தின் சாயல்கூட இருக்காது.

'கேட்டேன்' என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை என்று பார்ப்பதே என் பிழைப்பு. அதே சொல் என் வாயிலிருந்து வரும்போது அதற்கு என்ன எடை என்ற கேள்வியை, ஒரு ஹெட்போனுக்கு ஆம்ப் தேடிய நாட்கள்தான் எனக்குள் எழுப்பின. கேள்வி அத்தோடு நிற்கவில்லை. பக்தி அனுபவம் எதற்குச் சான்று என்கிற இடம்வரை அது என்னை இழுத்துப் போனது.

என்னிடம் இருப்பது ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் எஸ்ஆர்-எல்700. எலக்ட்ரோஸ்டாடிக் ஹெட்போனை முதன்முதலில், 1960இல், விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள் ஸ்டாக்ஸ்காரர்கள். அதை அவர்கள் இயர்ஸ்பீக்கர் என்பார்கள். சாதாரண ஹெட்போனில் ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய கூம்பு இருக்கும். சுருள் கூம்பைத் தள்ளும். இதில் அவை எதுவுமே கிடையாது. மைக்ரான் கணக்கில் தடிமன் உள்ள ஒரு பிளாஸ்டிக் படலம். துளையிட்ட இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே விறைப்பாக நிற்கிறது. மனிதத் தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவில் இருக்கும் என்றால், படலம் எவ்வளவு மெல்லியது என்று பார்த்துக்கொள்ளலாம். படலத்தின் மேல் 580 வோல்ட் நிலைமின்னழுத்தம் ஏற்றிவைக்கப்படுகிறது. இதை பயாஸ் என்கிறார்கள். பாட்டு மின்னழுத்தமாக இரு தகடுகளுக்கும் போகிறது: ஒன்றில் ஏறும்போது மற்றதில் இறங்கும். ஒரு தகடு தள்ள, எதிர்த்தகடு இழுக்க, படலம் முழுப் பரப்பிலும் ஒரே சீரான விசையில் அசைகிறது. கனமே இல்லாததால், போ என்றதும் போகிறது, நில் என்றதும் நிற்கிறது.

அதன் அருமை தம்புராவில் தெரியும். தம்புராவின் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூலைச் செருகி, அதை இம்மி இம்மியாக நகர்த்தி ஓரிடத்தில் நிறுத்துவார்கள். சரியான இடத்தில் நின்றதும் தந்தியின் ஒற்றை ஒலிக்குள்ளிருந்து மேல்சுருதிகள் ஒவ்வொன்றாக விரிந்து வரும். அந்த விரிவும், அடுத்த மீட்டு விழுவதற்குள் அது ஒடுங்கும் விதமும் இந்த ஹெட்போனில் அவ்வளவு தெளிவு. பாடகர் எம்.டி. ராமநாதனின் கீழ்ஸ்தாயிக்குப் பின்னால் தம்புரா ஓடிக்கொண்டிருக்கும் பழைய கச்சேரிப் பதிவுகளை இதில் கேட்கத் தொடங்கிய பிறகு, வேறு ஹெட்போனை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இதை ஃபோனில் செருக முடியாது. சாதாரண ஹெட்போனுக்கு ஒரு வோல்ட் சுமாராகக் கிடைத்தாலே தாராளம். எல்700இல் 101 டெசிபல் சத்தம் வர 100 வோல்ட் வேண்டும். பயாஸும் யாராவது தர வேண்டும். ஆகவே தனி ஆம்ப் இல்லாமல் இது வெறும் பொம்மை. வழிகள் மூன்று. ஸ்பீக்கர் ஆம்ப் ஒன்றை வைத்து, அதன் வெளியீட்டை ட்ரான்ஸ்பார்மர் பெட்டியால் உயர்த்திக்கொள்வது பழைய வழி. முழுக்க ட்ரான்சிஸ்டரில் அமைந்த ஆம்ப் இரண்டாவது. வெளியீட்டில் டியூப் வைத்தது மூன்றாவது.

எனக்கு முன்னால் வந்து நின்றவை பின்னிரண்டு வகையிலும் ஒவ்வொன்று. டோக்கியோவில் வேலை பார்க்கும் அக்கா மகன் கொண்டுவந்த எஸ்ஆர்எம்-353எக்ஸ், ட்ரான்சிஸ்டர். ஜப்பானில் 100 வோல்ட் என்பதால் நம் 230 வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் பெட்டியோடு வந்து சேர்ந்தது. மற்றது எஸ்ஆர்எம்-006டி, உள்ளே இரண்டு 6எஃப்க்யூ7 டியூப். அது மயிலாப்பூரில் ஒரு பெரியவருடையது. ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர், தினமும் கபாலீசுவரரைப் பார்க்காமல் சாப்பிடாதவர், நாகசுரப் பித்து. நான்கு டியூப் உள்ள 007டிக்கு மாறிவிட்டதால் இதை எனக்குக் கொடுக்க முன்வந்தார். "கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்க. டியூப்ல உயிர் இருக்கு தம்பி. ட்ரான்சிஸ்டர்ல சத்தம் மட்டும்தான்" என்றார்.

முதலில் கணக்குப் போட்டேன். 100 வோல்ட்டுக்கு 101 டெசிபல் என்றால், 10 வோல்ட்டுக்கு 81, ஒரு வோல்ட்டுக்கு 61. நாளுக்கு எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல் போகாதீர்கள், அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரத்தைப் பாதியாக்குங்கள் என்று ஊருக்குச் சொல்கிறவன் நான். என் சராசரி 75ஐத் தாண்டாது. மிருதங்கத்தில் ஒரு 'தோம்' விழும்போது சத்தம் அந்தச் சராசரியிலிருந்து 20 டெசிபல் எகிறினாலும் 95தான். அதற்கு 50 வோல்ட் போதும். இரண்டு ஆம்புகளும் அதைப் போலப் பல மடங்கு தரக்கூடியவை. மின்னோட்டத்தையும் பார்த்தேன். இந்த ஹெட்போன் மின்சாரத்தின் கண்ணுக்கு ஒரு சிறு கெபாசிட்டர். கேபிளோடு சேர்த்து 110 பிக்கோஃபேரட். அதிர்வெண் ஏற ஏற அதன் தடை குறையும்: 10,000 ஹெர்ட்ஸில் 1,45,000 ஓம், 20,000 ஹெர்ட்ஸில் அதில் பாதி. அந்த உச்சியிலும் 50 வோல்ட்டை ஓட்ட ஒரு மில்லி ஆம்பியர்கூடத் தேவைப்படாது. எந்தப் பாட்டும் அந்த உச்சியில் முழு வலுவோடு ஒலிப்பதும் இல்லை. திரிபு அளவுகளும் இரண்டுக்கும் ஒரு சதவீதத்தில் மிகச் சிறு பங்கு. எனவே அனுமானம் சொன்னது இது: நான் கேட்கும் அளவில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்க வேண்டும்.

பிறகு கேட்டேன். டியூப் ஆம்பில் ராமநாதனின் குரல் இன்னும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. தம்புரா அகன்றது. மூச்சு விடும் இடம்கூட இதமாக இருந்தது. பெரியவர் சொன்ன உயிர் எனக்கும் கேட்டது.

கணக்கு ஒன்று சொல்கிறது, காது வேறொன்று சொல்கிறது. எதை நம்புவது? இந்தக் கேள்வி புதிதல்ல. தமிழில் இதை நேருக்கு நேர் எடுத்துப் பேசிய காப்பியம் ஒன்று உண்டு. மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில், துறவி வேடம் பூண்ட மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். முதலில் பேசும் அளவைவாதி, கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அறிவின் அளவைகளை அடுக்குகிறான்: காட்சி, கருதல், உவமம், ஆகமம் என்று பத்து. அடுத்து, அறிவு போலத் தோன்றி அறிவாகாத எட்டு வழுக்களையும் சொல்கிறான். ஒரு பௌத்தக் காப்பியம் எதிர்ச்சமயத்தான் வாயில் வைத்த இந்த எட்டையும் நான் என் மேஜைக்கு எடுத்துக்கொண்டேன். நோயாளிகளுக்கு மட்டுமல்ல, எனக்கும் அவை அப்படியே பொருந்தின.

திரியக் கோடல் என்பது ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது; சிப்பியைப் பார்த்து வெள்ளி என்பது. ஆம்ப் ஒப்பீட்டில் இது எப்படி நுழையும் என்றால், சத்த அளவு வழியாக. இரண்டு ஆம்புகளின் வால்யூம் குமிழும் ஒரே இடத்தில் நின்றாலும் வெளியே வரும் சத்தம் ஒன்றாக இருக்காது. ஒரு டெசிபலுக்கும் குறைவான வித்தியாசத்தை நாம் 'சத்தம் கூடியது' என்று உணர்வதில்லை. நிறைவு, நெருக்கம், இதம் என்றே உணர்கிறோம். செவி அளந்தது அளவை. மனம் படித்தது குணமாக.

தேராது தெளிதல், தூணோ ஆளோ என்று ஐயம் நிற்கும்போதே ஆள்தான் என்று முடிவு கட்டிவிடுவது. ஒரு மாலை, ஒரு பாட்டு, ஒரு முடிவு என்கிற பழக்கம் இதில் அடங்கும். முயற்கொம்பு போல இல்லாத ஒன்றை உண்டென்பது இல்வழக்கு. முன்பே தெரிந்ததைப் புதிதாக அறிந்ததாக எண்ணுவது உணர்ந்ததை உணர்தல்: டியூப் இதமாக ஒலிக்கும் என்று காலமெல்லாம் படித்துவிட்டு, டியூபை ஓடவிட்டு, இதம் கேட்டதாகச் சொல்வது. எட்டாவது, நினைப்பு. இவர்தான் உன் தாய், இவர்தான் உன் தந்தை என்று பிறர் சொல்ல, அந்தச் சொல்லையே அறிவாகக் கொள்வதை அதற்கு எடுத்துக்காட்டாகத் தருகிறார் காப்பியத்தை இயற்றிய சாத்தனார். பிறர் சொல்லைக் கேட்பதே தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. பயாஸ் 580 வோல்ட் என்பதை நான் விரலை வைத்து உறுதிசெய்யப் போவதில்லை. ஆம்பின் மூடியைத் திறக்காதே, உள்ளே ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் இருக்கிறது, அணைத்த பிறகும் கெபாசிட்டரில் தங்கியிருக்கும் என்று தெரிந்தவர் சொன்னால் கேட்டுக்கொள்வேன். ஆப்தர், அதாவது நம்பத்தக்கவர், சொல்லுக்கு உரிய இடம் அது. ஆனால் 'உயிர் இருக்கு தம்பி' என்ற சொல் என் காதுக்குள் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொண்டு, பிறகு என் காட்சி போலவே வெளியே வந்தால், அது வேறு கதை.

கண்ணும் இதில் கூட்டு. 1976இல் மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் காட்டியது எங்கள் படிப்பில் எல்லாரும் படிப்பது: 'பா' என்ற ஒலியோடு, 'கா' என்று உச்சரிக்கும் வாயைப் படத்தில் காட்டினால், பலருக்கும் 'டா' கேட்கும். உண்மை தெரிந்த பிறகும் அப்படியே கேட்கும். ஒலிபெருக்கி ஆய்வில் பேர்போன ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், எந்த ஸ்பீக்கர் ஒலிக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டு போட்ட மதிப்பெண்ணும் ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டுப் போட்ட மதிப்பெண்ணும் வேறுவேறு தீர்ப்பைச் சொல்லின. பழகிய காதுக்காரர்களும் இதற்கு விலக்கில்லை. டியூபின் மங்கலான செம்மஞ்சள் ஒளியைப் பார்த்துக்கொண்டு நான் கேட்ட இதத்தில் கண்ணின் பங்கு எவ்வளவு?

சோதிக்க வசதி இருக்கும்போது சோதிக்காமல் இருப்பது அழகல்ல. ஆடியோமீட்டரின் ஹெட்போனைச் சரிபார்க்க எங்களிடம் செயற்கைக் காது என்று ஒரு கருவி உண்டு. மனிதக் காது இருக்கும் இடத்தில் மைக்ரோஃபோன். எல்700ஐ அதன் மேல் வைத்து, 1000 ஹெர்ட்ஸ் ஒலியை இரண்டு ஆம்புகளிலும் ஓட்டி, 0.1 டெசிபலுக்குள் சத்தத்தைச் சமன் செய்தேன். குமிழ்கள் மேல் டேப் ஒட்டினேன். ஆம்புகள் திரைக்குப் பின்னால். காசைச் சுண்டிப் பார்த்து, எந்த ஆம்பில் ப்ளக்கைச் செருகுவது என்று தீர்மானித்துக் குறித்துக்கொண்டவள் என் மகள். இப்படிச் சோதனை செய்யும்போது கணக்கு நினைவில் இருக்க வேண்டும்: பத்துக்கு எட்டோ அதற்கு மேலோ சரியாகச் சொல்வது வெறும் அதிர்ஷ்டத்திலேயே நூற்றுக்கு ஐந்து தடவைக்கு மேல் நடந்துவிடும், ஒன்பது சொன்னால்தான் அது நூற்றுக்கு ஒன்றாகச் சுருங்கும்.

அவள் கேட்டாள்: "அப்பா, இப்ப எது ஓடுது?"

"டியூப்னு நினைக்கிறேன்மா."

"நினைக்கிறீங்களா, கேக்குதா?"

என் தொழிலின் மொத்த நெறியும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. விடைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, காசைச் சுண்டிச் சொல்லியிருந்தால் எவ்வளவு வந்திருக்குமோ அதற்குப் பக்கத்தில்தான் இருந்தேன். இதமும் நெருக்கமும் இரண்டு ஆம்பிலும் மாறிமாறி வந்தன. திரையை விலக்கியதும் டியூபுக்கே திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டன.

இதிலிருந்து இரண்டு ஆம்புக்கும் வித்தியாசமே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். ப்ளக்கைப் பிடுங்கிச் செருகி, படலத்தில் மின்னேற்றம் நிலைபெறச் சில நொடிகள் போகின்றன. கேட்ட ஒலியின் நுணுக்கத்தை மனம் அவ்வளவு நேரம் பிடித்துவைப்பதில்லை. என் வயதில் 13,000 ஹெர்ட்ஸுக்கு மேல் என் செவி சரியாக எட்டுவதும் இல்லை. எதிரே புலி நின்றும் அறியாதிருப்பது போன்ற கண்டுணராமையும் அந்த எட்டில் ஒன்று. என் முடிவு இவ்வளவுதான்: நான் அன்று மாலை கேட்ட இதம், அந்த ஆம்புக்குச் சான்று ஆகாது.

பெரியவரிடம் 006டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒன்று கேட்டார்: "அப்போ கபாலி சந்நிதியில எனக்குக் கிடைக்குதே, அதுவும் இப்படித்தானா தம்பி?"

இதற்குச் சட்டென்று பதில் சொல்லிவிட்டால், அது அவர் வாழ்நாளையே அவமதிப்பதாகும். 'அதெல்லாம் வேற, இதெல்லாம் வேற' என்று நழுவினாலும் அவமதிப்புத்தான். அவர் கேட்டது நேர்மையான கேள்வி. நான் என் நோயாளிகளிடமிருந்து தொடங்கினேன்.

காது இரைச்சலோடு வருகிறவர்கள் உண்டு. வெளியே எந்த ஒலியும் இல்லை. உள்ளே விடாமல் ஒரு கீச்சு. வீட்டில் எல்லாரும் "ஒண்ணுமில்ல, எல்லாம் உன் நெனப்பு" என்று சொல்லி ஓய்ந்திருப்பார்கள். நான் ஆடியோமீட்டரில் ஒவ்வோர் அதிர்வெண்ணாக ஓடவிட்டு, உங்கள் காதில் கேட்பது இதைப் போலவா, இதைவிடக் கூர்மையா என்று கேட்டுக்கொண்டே போவேன். ஓரிடத்தில் அவர் முகம் மாறும். "இதுதான் சார், இதேதான்" என்பார். சிலர் அழுவார்கள். பல மாதங்களில் முதல்முறையாக ஒருவர் அவர் சொல்லை நம்பியிருக்கிறார். அவருக்கு ஒலி கேட்கிறது என்பதில் பொய்யே இல்லை. அறையில் ஒலி இருக்கிறது என்று அவர் சொன்னால் மட்டுமே அது தவறு. ஒரே 'கேட்டேன்' ஒன்றுக்கு முழுச் சான்று; இன்னொன்றுக்குச் சான்றே அல்ல.

இந்தப் பிரிவினையைப் பெரியவரின் சமயமே செய்துவைத்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் சைவர்களின் தலைநூல்களில் ஒன்று. அதுவும் அளவையைத்தான் முன்னால் வைக்கிறது. பத்து அளவைகளைச் சொல்லி, அவை எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கும் என்கிறது. காண்டலை நான்காகப் பிரிக்கிறது: ஐம்பொறி வழி வரும் வாயிற் காட்சி, மனத்தின் வழி வரும் மானதக் காட்சி, தன் இன்ப துன்பங்களைத் தானே அறியும் தன்வேதனைக் காட்சி, யோகியருக்கு உரிய யோகக் காட்சி. இதே நான்கை, அருணந்தியாருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, பௌத்த தருக்கவாதி தருமகீர்த்தியும் தன் நூலில் சொல்லியிருக்கிறார். பரபக்கம் என்ற பகுதியில் பௌத்தரை வரிந்துகட்டிக்கொண்டு மறுக்கும் நூல், காட்சியை எப்படிப் பிரிப்பது என்பதில் அவர்களோடு ஒன்றாக நிற்கிறது. கடவுள் உண்டா என்பதில் எதிரெதிராக நின்றவர்களுக்கு, காட்சியின் வகைகள் எவை என்பதில் சண்டை இவ்வளவு குறைவாக இருந்தது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

நான் டியூபில் கேட்ட இதம் தன்வேதனை. இன்பம் எனக்கு உண்டாயிற்று. அதை நானே அறிந்தேன். உலகத்தில் எந்தக் கருவியும் அதை மறுக்க முடியாது. 'இந்த ஆம்பின் ஒலி இதமானது' என்பதோ வாயிற் காட்சியின் தீர்ப்பு. அதற்குத் திரையும் டெசிபலும் வேண்டும். முதலாவதன் உறுதியை எடுத்து இரண்டாவதற்குப் பூசுவதில்தான் நம் பெரும்பாலான சண்டைகள் பிறக்கின்றன.

பெரியவரிடம் இன்னொன்றும் கேட்டேன். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை அவர் முதன்முதலில் எதில் கேட்டார்? ஊர்த் திருவிழாவில், தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில், கிராமபோன் தட்டிலிருந்து. அந்தத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும். மேலே இருக்கும் அதிர்வெண்கள் பாதிக்கு மேல் பதிவிலேயே கிடையாது. மிச்சத்தைக் குழாய் தின்றுவிடும். அன்றைக்கும் அழுதீர்களா என்றேன். "உருண்டு அழுதேன்" என்றார். 007டி இல்லாத இடத்திலும் உயிர் வந்திருக்கிறது என்றால், அது பெட்டியில் குடியிருக்கவில்லை. தோடியிடமும் அவரிடமும் அது இருக்கிறது.

சந்நிதியில் அவருக்குக் கிடைப்பதற்கும் இதையே சொன்னேன். அங்கே உள்ளம் உருகுகிறது என்பதற்கு அவரே முழுச் சாட்சி. நாத்திகர் உட்பட யாரும் அதில் குறுக்கே வர முடியாது. அந்த உருக்கத்துக்குப் பின்னால் ஒருவன் நிற்கிறான் என்பது வேறு வாக்கியம். சைவ சித்தாந்த ஆசிரியர்கள் அந்த வாக்கியத்தின் பாரத்தைத் தங்கள் சொந்த உருக்கத்தின் மேல் இறக்கிவைக்கவில்லை. அவன், அவள், அது என்று பிரித்தறியப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதால் அதற்கு ஒரு முதல்வன் வேண்டும் என்று அவர்களில் ஒருவரான மெய்கண்டார் அனுமானத்தால் தொடங்குகிறார். ஆகமத்தை அடுத்த துணையாகக் கொள்கிறார்கள். அந்த வாதத்தை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். வாதமாக வைக்கப்பட்டதால்தான் மறுக்கவும் இடம் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது, ஆகவே உண்டு, நீயும் ஒப்புக்கொள் என்று அவர்கள் தொடங்கவில்லை. நம்பிக்கை நம்பிக்கையாகவே நிற்கும்போது அதற்கு ஒரு கம்பீரம் உண்டு. காட்சியின் உடையைக் கடன் வாங்கும்போது அது இளைத்துப்போகிறது.

இது வெறும் தருக்க விளையாட்டாக இருந்தால் இவ்வளவு நேரம் செலவிட மாட்டேன். காது கேளாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய் சொல்வாள்: "கதவைச் சாத்தினா திரும்புறான் சார். நான் கூப்பிட்டா பாக்குறான்." கதவு சாத்தியதும் தரை அதிரும், அவள் கூப்பிடும்போது அவள் நிழல் அசையும். அவள் கண்டது உண்மை. அதிலிருந்து அவள் எடுத்த முடிவுதான் உண்மையல்ல. 'பெரா' எனும் செவிச் சோதனையில், தூங்கும் குழந்தையின் தலையில் ஒட்டிய மின்முனைகள் ஒலிக்கு எந்த எதிர்வினையையும் காட்டாது. குறி கேட்ட இடத்தில் 'ஐந்து வயதில் பேசுவான்' என்று வாக்கு வந்தது என்று சில குடும்பங்கள் காத்திருக்கின்றன. மொழி முளைக்க வேண்டிய முதல் ஆண்டுகள் அந்தக் காத்திருப்பிலேயே கரைகின்றன. வாக்குச் சொன்னவருக்கு உள்ளே ஏதோ தோன்றியிருக்கலாம். அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்தத் தோற்றத்தின் செலவை ஏற்பது அவரல்ல, இன்னும் பேச்சு வராத ஒரு குழந்தை. சான்றை அளந்து பார்ப்பது பக்திக்கு எதிரானது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தத் தாயின் முகம்தான் நினைவுக்கு வரும். அளந்து சொல்வது அன்பின் ஒரு வடிவம்.

பெரியவர் கடைசியில் சொன்னார்: "அப்படின்னா எங்கிட்ட இருக்கறத யாரும் பிடுங்க முடியாது. அவ்வளவுதானே தம்பி?"

"ஆமாங்கய்யா. அதை வெச்சு யாரையும் அடிக்கவும் கூடாது."

"அது சரி" என்றார்.

நான் 353எக்ஸை வைத்துக்கொண்டேன். சென்னை வெயிலில் டியூபின் கூடுதல் சூடு வேண்டாம். தேய்ந்தால் மாற்ற நல்ல டியூபைத் தேடி அலைய வேண்டாம். தேவைக்கு மேல் மின்னழுத்தம் அதில் இருக்கிறது. இவை யாரும் சரிபார்க்கக்கூடிய காரணங்கள். எந்த ஆம்ப் வாங்கலாம் என்று யாராவது கேட்டால் இந்தக் காரணங்களைச் சொல்வேன். ஹெட்போனுக்கு எத்தனை வோல்ட் பயாஸ் வேண்டும் என்று முதலில் பாருங்கள், சத்தத்தைச் சமன்செய்யாமல் இரண்டை ஒப்பிடாதீர்கள் என்பேன். அதில் ராமநாதனைக் கேட்டுக் கண் கலங்கினேன் என்பதையும் சொல்வேன், தனியாக, வேறு வாக்கியமாக. முதலில் சொன்னதை நீங்கள் சோதித்துப் பார்த்துத்தான் ஏற்க வேண்டும். இரண்டாவதற்கு என் சொல்லே போதும்.